அடியில் ஒரு தமிழ் வரி

அச்சுப்பொறியிலிருந்து வெளியே வந்த தாள் மை காயாமல் சற்று நெளிந்திருந்தது. அக்கா அதை இரண்டு விரல்களால் ஓரத்தில் பிடித்து, கையை எட்டியமட்டும் நீட்டி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலம். அவருடைய குடையிலிருந்து வடிந்த நீர் எங்கள் ஒபிஸின் சீமெந்துத் தரையில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. தாளில் இருந்தது கண்டி வாவியும் அதற்கு மேலே மலைச்சரிவில் நின்ற ஒரு வெள்ளை வீடும். அக்கா என்று நான் கூப்பிட்ட இந்த வாடிக்கையாளரின் விருந்தினர் விடுதிக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து நான் செய்த இணையத்தளத்தின் முதற்பக்கம் அது. என் வாழ்க்கையில் நான் தனியாகச் செய்த முதல் தளம். பாராட்டைக் கேட்க ஆயத்தமாக நின்றேன்.

"இது ஆற்றை வீடு, பிள்ளை?"

"உங்க வீடுதான் அக்கா."

"என்ரை வீட்டுக்கு மேலால கறண்ட் வயர் நாலு போகுது. கூரைக்குப் பக்கத்தில தண்ணித் தாங்கி நிக்குது. ரோட்டில இருந்து படி ஏறி வரவேணும். அதெல்லாம் எங்கை?"

அவை எல்லாவற்றையும் நான்தான் ஒவ்வொன்றாக அழித்திருந்தேன். வயர்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் வானத்தை ஒட்டினேன். தண்ணீர்த் தாங்கியின் மேல் ஒரு மரத்தைப் படர விட்டேன். வாவியின் பச்சை நிறத்தை எந்த நாளிலும் அது பூண்டிராத ஒரு நீலமாக மாற்றினேன். அப்படிச் செய்யச் சொன்னவர் எங்கள் முதலாளி. அலவத்துகொடயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கண்டி நகரத்துச் சந்தொன்றில் புடவைக் கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் நான்கு கணினிகளை வைத்துத் தொழில் நடத்தியவர். நாங்கள் அவரைச் சேர் என்று கூப்பிட்டோம். "தொறந்த ஒடனே கண்ணுக்குப் புடிக்கோணும் புள்ள. இல்லாட்டி மூடிட்டு அடுத்த ஹோட்டலப் பாக்கப் போயிருவாங்க" என்பார். அதில் பிழை ஒன்றும் இல்லை. இன்றும் என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான், வேறு வார்த்தைகளில்.

அக்கா தாளை மேசையில் வைத்தார். "வாற சனம் முதல் இந்தப் படத்தைப் பாக்கும். பிறகு என்னைப் பாக்கும். படமும் நானும் ஒத்து வரவேணும். படியில மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வாறவன் வாசலிலையே கோவத்தோடதான் நிப்பான். அந்தக் கோவத்தோட ரெண்டு நாள் ஆர் சீவிக்கிறது? நான்தானே."

வயர்களைத் திரும்பக் கொண்டு வந்தேன். தாங்கியும் வந்தது. ரோட்டிலிருந்து வாசல் வரை அறுபத்தெட்டுப் படிகள், குரங்குகள் வரும், ஜன்னலைப் பூட்டி வையுங்கள், சில நாட்களில் காலையில் தண்ணீர் வராது, வாளியில் பிடித்து வைத்திருப்போம் என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதி, ஆங்கிலத்தில் போட்டேன். சேர் தலையில் கை வைத்துக்கொண்டார். "படி ஈக்கு, கொரங்கு ஈக்குன்னு போட்டா யாரு வாரது?" ஆனால் வந்தார்கள். சண்டை நின்று, சமாதானம் என்று எல்லோரும் பேசிய காலம் அது. வெளிநாட்டவர்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, தான் எண்ணியதில் அறுபத்தொன்பது படிகள் இருந்தன என்று முறைப்பாடு வைத்தார். அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, இருவருமாக எண்ணிக்கொண்டே மேலே வந்து, அறுபத்தொன்பதுதான் என்று உறுதிசெய்து, எனக்கு டெலிபோன் எடுத்தார். அன்றைக்கே திருத்திவிட்டேன். அந்த ஜெர்மன்காரியும் அவருக்குத் தெரிந்தவர்களும் பிறகு சமாதானம் முறியும் வரை ஒவ்வொரு வருஷமும் வந்தார்கள்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகிக் கண்டிக்கு வந்தவர். கணவர் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்த்தவர், நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். ஒரே மகன் கனடாவில். மாமனார் வாங்கிய பெரிய வீட்டில் ஏழு அறைகளை வாடகைக்கு விட்டுத் தனியாகவே சமாளித்துக்கொண்டிருந்தார். வீட்டில் கணினி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. முன்பதிவு மின்னஞ்சல்கள் எங்கள் ஒபிஸுக்குத்தான் வரும். வாரத்தில் மூன்று நாட்கள் அவற்றை அச்செடுத்துக்கொண்டு படியேறுவது என் வேலை. குசினி மேசையில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொல்லுவார். நான் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வேன். பல நாட்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவேன். மஹய்யாவயில், நகரசபைத் தொழிலாளியான என் அப்பா உட்பட ஆறு பேர் ஓர் அறையில் இருந்த வீட்டிலிருந்து போனவளுக்கு, வாவியைப் பார்த்த அந்தக் குசினி பெரிய உலகமாக இருந்தது.

தளம் தொடங்கிச் சில மாதங்களின் பின், முதற்பக்கத்தில் மூன்று மொழியிலும் வரவேற்பு போட்டால் வெளிநாட்டவர்களுக்குப் பிடிக்கும் என்று சேர் சொன்னார். கேட்டுவர நான் போனேன். சிங்களத்தில் போடச் சொன்னார் அக்கா. ஆங்கிலத்தில் ஏற்கனவே இருந்தது. "தமிழ் வேண்டாம் பிள்ளை" என்றார்.

ஏன் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவர் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகாத நேரத்தில்தான் எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரம். கேற்றில் மாமனாரின் பெயர் தமிழில் எழுதிய பலகை ஒன்று இருந்தது. டவுனில் புகை எழும்புவது தெரிந்ததும், அடுத்த வீட்டுச் சிங்கள ரீச்சர் குசினிக் கத்தியோடு ஓடி வந்து, திருகாணியைக் கழற்றிப் பலகையைத் தன் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டார். வந்தவர்கள் கேற்றைப் பார்த்தார்கள். பெயரில்லை. மேலே ஏறாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். "அந்தத் தெருவில ரெண்டு வீடு எரிஞ்சது. எங்கட வீடு நிண்டது. ஒரு பலகை இல்லாததால நிண்டது. அந்த நாளில இருந்து இந்த வீட்டுக்கு வெளியில தமிழ் எழுத்து இல்லை. உள்ளுக்கு இருக்கு. எனக்கு அவ்வளவு காணும்."

அதைக் கேட்டு எனக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் நகரசபை லயத்து வீட்டுக்குக் கழற்றி ஒளிப்பதற்குப் பலகையே இருந்ததில்லை. எங்கள் முகமே பலகை. கலவரத்தில் நாங்கள் ஒளிந்தது சாக்கடைக் கான் ஓரத்தில் என்று அம்மா சொல்லியிருக்கிறார். வசதியானவர்கள் பலகையைக் கழற்றலாம், நாங்கள் எதைக் கழற்றுவது என்று இருபத்துமூன்று வயது மனம் கேட்டது. அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்த நாட்களில் கணினியில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியாது. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும். தமிழை ஒரு படமாக மாற்றிப் போட்டால் எங்கேயும் தெரியும் என்று நான் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன். அந்தக் கெட்டித்தனத்தை எங்கேயாவது காட்ட வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. முதற்பக்கத்தின் அடியில், தொலைபேசி எண்ணுக்குக் கீழே, ஊசி எழுத்தில் ஒரு வரி செய்து வைத்தேன். 'இங்கே தமிழிலும் பேசலாம்.'

அச்செடுத்தபோது அந்த வரி இரண்டாவது தாளுக்குப் போய்விட்டது. அக்காவிடம் முதல் தாளை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன். சிங்கள வரவேற்பைப் பார்த்துவிட்டு நல்லது என்றார். இதுதான் நான் செய்தது. எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் இவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் வேறு விதமான அழைப்புகள் வரத் தொடங்கின. லண்டனிலிருந்து, கனடாவிலிருந்து, ஊருக்குப் போகிற வழியில் தாயோடு கண்டியில் இரண்டு நாள் தங்க வருகிறோம் என்று. வவுனியாவிலிருந்து, ஆஸ்பத்திரிக்கு வருகிறோம் என்று. "எடுத்த எடுப்பிலையே தமிழில கதைக்கினம் பிள்ளை. ஆர் சொன்னது இவையளுக்கு?" என்று அக்கா ஆச்சரியப்பட்டார். வந்து போனவர்கள் சொல்லியிருப்பார்கள் என்றேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்து, நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு சமாதானம் முறிந்தது. ஒவ்வொரு மாதமும் ரத்துச் செய்கிற மின்னஞ்சல்களையே அச்செடுத்துக்கொண்டு படியேறினேன். வெளிநாட்டவர்கள் நின்றுபோனார்கள். ரோட்டில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. வடக்கிலிருந்து வருகிற தமிழர்களைத் தங்கவைக்க விடுதிக்காரர்கள் தயங்கினார்கள்; தங்கவைத்தால் பொலிஸில் பதிய வேண்டும். அந்த நேரத்தில்தான் வவுனியாவிலிருந்து ஒரு தாயும் ஏழு வயது மகளும் வந்தார்கள். பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும் வரை ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்குமாக நடக்க வேண்டும். மூன்று இடத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

ஒருநாள் நான் மேலே போனபோது அந்தத் தாய் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தளத்தைச் செய்தவள் நான் என்று அக்கா சொல்லியிருக்கிறார் போல. "தங்கச்சி, நீங்களே அதைச் செய்தது?" என்று கேட்டார். வவுனியாவில் ஒரு கடையில் காசு கொடுத்து இணையம் பார்த்தாராம். லைன் மெதுவாம். மேலே இருந்த பெரிய படம் வரவே இல்லையாம். "சாம்பல் பெட்டி ஒண்டுதான் தெரிஞ்சது. கீழ இருந்த சின்னத் தமிழ் வரி மட்டும் முதலே வந்திட்டுது. அதைக் கண்ட உடனே நம்பரை எழுதிக்கொண்டு எழும்பிட்டன். வீடு எப்பிடி இருக்கும் எண்டு பாக்கவே இல்லை."

எந்த நீலம், எந்தப் பச்சை என்று நான் இரண்டு வாரம் மல்லுக்கட்டிய படம் அது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமிருக்கவில்லை. "அக்காகிட்ட அந்த வரியப் பத்திச் சொல்லாதீங்க" என்றேன். அந்தத் தாயின் கை கொடியில் அப்படியே நின்றது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. வாழ்க்கையில் நிறைய இடங்களில் ஏன் என்று கேட்காமலே வந்தவர் அவர். ஆனால் அதற்குப் பிறகு என்னோடு முன்போலச் சிரிக்கவில்லை.

இரண்டு வாரங்களின் பின், பகல் பதினொரு மணி போல, அக்கா எங்கள் ஒபிஸுக்கு வந்தார். முன்னறிவிப்பு இல்லாமல் அவர் வந்ததே இல்லை. கதிரையை இழுத்து என் மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். இரண்டாவது தாள். அடியில் அந்த வரி. யாரோ சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

காலையில் ஒரு பொலிஸ் அதிகாரியும் ஒரு கொன்ஸ்டபிளும் வந்திருக்கிறார்கள். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார் என்று அக்கா சொன்னார். தாயும் மகளும் பதியப்பட்டிருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு தாளைக் காட்டி, வெளிநாட்டுக்காரருக்கான விடுதியில் இந்த வரி யாருக்காக, அதுவும் இவ்வளவு சிறிதாக, என்று கேட்டார். தாளை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"நான்தான் போடச் சொன்னனான் எண்டு சொன்னன்."

அழுகை வந்தது. சேர் தன் மேசையிலிருந்து எழும்பி எங்கள் பக்கம் வந்தார். அவருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "புள்ள, நீ கேக்காமயா போட்டாய்?" என்றார் மெதுவாக. ஆம் என்று தலையை ஆட்டினேன்.

"எடுத்துறேன் அக்கா. இப்பவே எடுத்துறேன்."

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சந்தில் யாரோ பார்சல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்கு நாளைக்கு என்னென்ன நடக்கலாம் என்று நான் முழுவதையும் மனதுக்குள் பார்த்து முடித்திருந்தேன்.

"பேசலாம் எண்டோ எழுதி வைச்சனீ?" என்றார் திடீரென்று.

விளங்காமல் பார்த்தேன்.

"எங்கட ஆக்களுக்குப் பேசுறதெண்டா ஏசுறது, பிள்ளை. வவுனியாவில இருந்து ஏச்சு வாங்கவோ ஒருத்தி வாறது? கதைக்கலாம் எண்டு போடு."

சேர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "இப்ப இதை எடுத்தா நான் அந்த மனுசனுக்குப் பொய் சொன்னதாப் போகும். எடுக்கேலாது. ஆனா இந்த இடத்தில இருக்கக் கூடாது. அடியில ஊசி எழுத்தில கிடந்தா, என்னத்தையோ ஒளிச்சு வைச்ச மாதிரித்தான் பாக்கிறவன் நினைப்பான். இண்டைக்கு அந்தத் தாளைக் கண்ட உடனே நானே அப்பிடித்தான் நினைச்சன். மேல வை. வீட்டுப் படத்துக்கும் மேல. சிங்களத்தில, தமிழில, இங்கிலீசில. மூண்டும் ஒரே அளவு. ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன் எண்டு இருக்கக் கூடாது."

"வெளிநாட்டுக்காரங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க மிஸிஸ். வீடு கீழ போயிரும்" என்றார் சேர்.

"போகட்டும்."

அன்று மாலைக்குள் செய்து முடித்தேன். சிங்கள எழுத்தையும் தமிழ் எழுத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது லேசான வேலை அல்ல. இரண்டின் வளைவுகளும் வேறு வேறு. அளவுகோலைத் திரையில் வைத்துப் பார்த்தேன். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் முழுவதையும், இந்தத் தடவை இரண்டு தாளும், அச்செடுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "இனி வாற கடிதங்களைச் சேரிட்டைக் குடுத்து விடு. நீ வரவேண்டாம்" என்றார்.

அந்தத் தாள்களோடு அக்கா தானே பொலிஸுக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதிகாரி பார்த்துவிட்டு, இது பரவாயில்லை என்று கோப்பில் வைத்துக்கொண்டாராம். பதிவும் விசாரிப்பும் நிற்கவில்லை. சண்டை முடியும் வரை நின்றதே இல்லை. ஆனால் வீடு நின்றது. பிள்ளையின் சத்திரசிகிச்சையும் நல்லபடியாக முடிந்து, தாயும் மகளும் ஊருக்குப் போனார்கள். அதற்குள் மஹியங்கனையிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம் நோயாளியோடு வந்து அடுத்த அறையில் இருந்தது. சிங்களத்தில் கதைக்கலாம் என்று மேலே போட்டிருந்ததைக் கண்டு, தங்கள் மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான் என்றார்களாம். வெளிநாட்டவர்களுக்காகத் தொடங்கிய விடுதி, கண்டி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் உறவினர் தங்கும் வீடாக மாறியது. "நாங்க வித்தது வாவியை. சனம் வாங்கினது வேறொண்ட" என்று சேர் சொல்லிச் சொல்லி அதிசயப்படுவார்.

நான் மட்டும் ஒன்பது மாதம் அந்தப் படிகளில் ஏறவில்லை. அக்கா தெருவில் கண்டால் நலம் விசாரிப்பார், அவ்வளவுதான். பத்தாவது மாதம் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஏறிப் போனேன்.

இப்போது கண்டியில் எனக்கே ஓர் ஒபிஸ் இருக்கிறது. ஹோட்டல்களும் தேயிலைக் கம்பனிகளும் வருகின்றன. தமிழைப் படமாக்க வேண்டிய தேவை எப்போதோ போய்விட்டது. கைத்தொலைபேசியில் விரல் வைத்தால் எந்த அளவிலும் தெரிகிறது. அக்கா மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டார். வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். வண்ணங்களைப் பற்றியும் படங்களைப் பற்றியும் வாடிக்கையாளரோடு நான் நிறைய வாதாடுவதுண்டு. அவர்கள் வேண்டாம் என்று சொன்ன ஒரு சொல்லை மட்டும் நான் எங்கேயும் போடுவதில்லை. அது நேர்மையா பயமா என்று எனக்கே நிச்சயமில்லை. ஏனென்றால், அன்று நான் நேர்மையாக இருந்திருந்தால், அந்த வவுனியாத் தாய் நான்காவது இடத்திலும் இடமில்லை என்ற பதிலைத்தான் கேட்டிருப்பார்.

இதையே நான், கொழும்புக்குப் போகுமுன் படியேறிப் போன அன்று, அக்காவிடம் சொல்ல நினைத்திருந்தேன். அதைப் பற்றி வாயைத் திறக்க விடவில்லை அவர். கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, ஒதுங்கி வழிவிட்டார். குசினியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். கொழும்புக்குப் போவதைச் சொன்னேன். எங்கே தங்குவாய் என்று கேட்டார், சொன்னேன். பிறகு சமைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"அண்டைக்கு நீ திரும்ப ஒருக்கா கேட்டிருந்தாலும் நான் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

"தெரியும் அக்கா."

"அதுக்காக நீ செய்தது சரி எண்டு ஆகாது."

"அதுவும் தெரியும்."

அடுப்பைக் குறைத்தார். இரண்டு கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு.